தென்னந்தோப்பைத் தாண்டி ஒரு லிங்க்

கேபிள் இழுக்காமல் ரேடியோ அலையில் இரண்டு இடங்களை இணைக்கும் வயர்லெஸ் லிங்க் போட வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிலோமீட்டர் போகும்ணே?" கேபிள் நடத்துகிறவர், கல்குவாரி வைத்திருப்பவர், மலையடிவாரத் தோட்டத்தில் கேமரா மாட்ட நினைக்கிறவர், யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். பதில் கையிலேயே இருக்கிறது. 2007-ல் வெனிசுவேலாவில் எர்மன்னோ பியெட்ரோசெமோலி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை லிங்க் போட்டுக் காட்டினார்கள். அதில் டேட்டா ஓடியது. ஒவ்வொரு பக்கமும் 3 எம்பிபிஎஸ் அளவுக்குக் கிடைத்தது.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில், தோப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ், நடுவே 2 கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் லிங்க் திணறுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் தூரத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் வேறு மூன்று விஷயங்களைக் கேட்பேன். நடுவில் என்ன இருக்கிறது? இரண்டு முனையிலும் கரண்ட் எப்படி? நின்றுபோனால் போய்ப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? எந்தக் கம்பெனி ரேடியோ என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நடுவில் இருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். மொட்டை மாடியில் நின்றால் எதிர் டவர் தெரிகிறது, அது போதும் என்று நினைப்பார்கள். போதாது. ரேடியோ அலை ஒற்றைக் கோடாகப் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த, வெள்ளரிக்காய் வடிவத்தில் இருக்கும் ஒரு வெளி முழுவதும் அதற்கு வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்று அதற்குப் பெயர். 10 கிலோமீட்டர் லிங்க், அலையின் அதிர்வெண் 5.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் நட்டநடுவில் அதன் ஆரம் 11 மீட்டருக்குச் சற்று மேல். அதே தூரத்தை 2.4 கிகாஹெர்ட்ஸில் போட்டால் 17 மீட்டரைத் தாண்டிவிடும். இந்த ஆரத்தில் குறைந்தது 60 சதவீதம் காலியாக இருக்க வேண்டும். அதாவது 5.8-ல், பார்வைக் கோட்டுக்குக் கீழே 7 மீட்டர் வரை எதுவும் தலைநீட்டக் கூடாது. பூமியின் வளைவு தனிக் கணக்கு. 10 கிலோமீட்டருக்கு நடுவில் ஒன்றரை மீட்டர்தான் புடைக்கும், விட்டுவிடலாம். 40 கிலோமீட்டர் போட நினைத்தால் 23 மீட்டருக்கு மேல் வரும், விட முடியாது.

எங்கள் பக்கம் இந்த வெளிக்குள் அடிக்கடி நுழைவது தென்னை. நெட்டை ரகம் சாதாரணமாக 60, 70 அடி போகும். லிங்க் போடுகிற அன்று மட்டையெல்லாம் கோட்டுக்குக் கீழே இருக்கும். சில வருஷத்தில் குருத்து மேலே வந்துவிடும். காய்ந்த நாளில் எல்லாம் சரியாக ஓடும், மழை விட்டு ஓலையில் ஈரம் நிற்கிற நேரத்தில் மட்டும் சிக்னல் இறங்கும். "மழை பெஞ்சா நெட்டு வராது" என்று ஊரில் சொல்வது பல இடங்களில் இதுதான். 5 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளியால் வரும் இழப்பு மிகக் குறைவு. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால்தான் மழையைப் பெரிய கணக்காக எடுக்க வேண்டும். 5.8 லிங்க் மழைக்கு விழுகிறது என்றால் முதலில் ஓலையைப் பாருங்கள், அடுத்தது தண்ணீர் புகுந்த கனெக்டரைப் பாருங்கள்.

இணைய வரைபடத்தில் இரண்டு முனையையும் குறித்தால் நிலத்தின் மேடு பள்ளம் கோடாக வரும். கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் தோப்பின் உயரத்துக்கு அதை நம்பி இறங்கக் கூடாது, போன மாதம் எழும்பிய கல்யாண மண்டபமும் அதில் வராது. நேரில்தான் போக வேண்டும். நான் கையில் கொண்டுபோவது ஒரு பைனாகுலரும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும். எதிர்முனையில் ஒருவர் கண்ணாடியில் வெயிலைத் திருப்பி அடித்தால் 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் பளிச்சென்று தெரியும். எந்தத் தோப்பு குறுக்கே வருகிறது என்று தெரிந்ததும் அந்தத் தோப்புக்காரரைப் போய்ப் பார்ப்பேன். "இந்தக் கன்னு வச்சு எத்தனை வருஷமாச்சுங்கய்யா?" என்று கேட்டால், மரம் எந்த ரகம், இன்னும் எவ்வளவு எழும்பும், எதை வெட்டப் போகிறார் என்று எல்லாம் சொல்லிவிடுவார். டவர் உயரத்தை முடிவு செய்ய அந்தப் பேச்சு போதும்.

வயல் வேறு விதமாகப் படுத்தும். ஜூனில் முல்லைப் பெரியாறு தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நடவு தொடங்கும். தண்ணீர் நிறைந்த வயலில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு சேர்கிறது. அரை அலை பிந்தி வந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். மே மாதம் நன்றாக ஓடிய லிங்க் நடவு சமயத்தில் ஏறி இறங்கி ஆடுவது இதனால் இருக்கலாம். டிஷ்ஷை உயர்த்தத்தான் எல்லோருக்கும் கை போகும். சில இடங்களில் ஒரு மீட்டர் இறக்கிக் கட்டியதும் சிக்னல் நிலைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெரிய கண்மாயைத் தாண்டும் லிங்க் என்றால், முடிந்தால் ஒரு முனையை உயரத்திலும் மறுமுனையைத் தாழ்வாகவும் வைக்கிறேன். அப்போது அலை பட்டுத் திரும்பும் இடம் தாழ்ந்த முனைப் பக்கமாக நகர்ந்து, தண்ணீருக்குப் பதிலாகக் கரையிலோ மரத்திலோ விழுந்து சிதற வாய்ப்பு உண்டு.

பாதை சுத்தம் என்றால் மிச்சக் கணக்கு காகிதத்திலேயே வந்துவிடும். 10 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் வெட்டவெளி இழப்பு 128 டெசிபெல். டிஷ்ஷோடு சேர்த்து வெளியே போவது 36 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு), அதாவது 4 வாட் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 25 டெசிபெல் பெருக்கும் டிஷ் இருந்தால் கிடைப்பது சுமார் மைனஸ் 67 டிபிஎம். மைனஸில் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். நேரில் மைனஸ் 69 வந்தால் வேலை முடிந்தது. மைனஸ் 80 வந்தால் எங்கேயோ ஏதோ தவறு, அதைக் கண்டுபிடிக்காமல் பவரை ஏற்றுவதில் பிரயோஜனமில்லை. இந்தக் கணக்கைப் போடாமலே டவர் ஏறுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. எண் தெரியாமல் ஏறினால், கிடைத்தது நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?

இது அலைன்மென்ட்டில்தான், அதாவது இரண்டு டிஷ்ஷையும் ஒன்றுக்கொன்று நேராகத் திருப்பி வைக்கும்போதுதான் வெளியே வரும். டிஷ்ஷின் நடுக்கற்றைக்கு இரு பக்கமும் சின்னச் சின்னக் கிளைக் கற்றைகள் உண்டு. நடுக்கற்றையை விட 15, 20 டெசிபெல் பலவீனமானவை. ஆனால் அதிலும் லிங்க் பிடித்துவிடும், பச்சை விளக்கு எரியும், நெட் வரும். மேலே இருப்பவர் சந்தோஷமாக போல்ட்டை இறுக்கிவிட்டு இறங்கிவிடுவார். அப்புறம் மழைக்கும் காற்றுக்கும் அது விழுந்துகொண்டே இருக்கும், ரேடியோ மட்டம் என்று பேச்சு வரும்.

அதனால் ஒரு உச்சம் கிடைத்ததும் நிறுத்தக் கூடாது. அதைத் தாண்டி மெதுவாகத் திருப்ப வேண்டும். சிக்னல் விழும், ஓரிடத்தில் செத்தே போகும், மறுபடி எழும். முழு அகலத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தால்தான் எது நிஜமான உச்சம் என்று தெரியும். ஒரு முனையில் ஒருவர் மட்டும் அசைக்க வேண்டும், மற்றவர் கையை எடுத்துவிட வேண்டும். போனில் இப்படித்தான் போகும் (மைனஸைச் சொல்ல மாட்டோம்):

"அண்ணே, எவ்வளவு காட்டுது?"

"எம்பத்தி நாலு."

"இன்னும் லேசா கெழக்க திருப்புங்க... அப்படியே... இப்ப?"

"தொண்ணூறு. போச்சு தம்பி."

"நிறுத்தாதீங்க, போய்க்கிட்டே இருங்க."

"...எழுபத்தஞ்சு. எழுபது. அறுபத்தெட்டு!"

இடவலம் முடிந்த பிறகு மேல்கீழ். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பம் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதெல்லாம் தொடங்க வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால் இடவலம் திருப்பும்போதே மேல்கீழும் மாறும், உச்சம் கையில் சிக்காது. கடைசியில் ரேடியோ சேர்த்தே அனுப்பும் நிமிர்ந்த அலை, படுத்த அலை (செங்குத்தாகவும் கிடையாகவும் அதிர்பவை) இரண்டின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மூன்று டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இறங்காமல் காரணத்தைத் தேட வேண்டும்.

தேனி மாவட்டத்தில் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். 60 சென்டிமீட்டர் தட்டு டிஷ் ஒன்றில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகக் காற்று மோதினால் சுமார் 35 கிலோ எடை பக்கவாட்டில் இழுக்கும் அளவுக்கு விசை. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப்பை கைப்பிடிச் சுவரில் இரண்டு கிளாம்ப் போட்டு நிறுத்தி, அதன் உச்சியில் டிஷ் மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கம்பம் லேசாகத் திருகினாலே கற்றை எதிர் டவரை விட்டு விலகிவிடும். தடித்த பைப், மூன்று பக்கம் ஸ்டே கம்பி, யூ கிளாம்ப்புக்கு டபுள் நட்டு. ரேடியோவில் மிச்சம் பிடித்தாவது இதில் செலவு செய்யுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் லிங்க் ஓடும். எத்தனை வருஷம் ஓடும் என்பது கரண்டைப் பொறுத்தது. இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது, அது இங்கேயே பலருக்குத் தெரியாது.

2005-ஐ ஒட்டிய வருஷங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் ஆய்வுக் குழுவும் சேர்ந்து, தேனி மருத்துவமனையிலிருந்து சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களுக்கு வைஃபை லிங்க் போட்டார்கள். அந்த 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. பார்வை மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசி, மருந்தா, கண்ணாடியா, ஆபரேஷனா என்று சொல்லிவிடுவார். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு பஸ் ஏறி வர வேண்டியதில்லை. ஐந்து மையங்கள், 1 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை லிங்குகள், ஆண்டிபட்டி வரை போனது. டவர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரம். ஓரிடத்தில் டவருக்குப் பதிலாக மில்லின் புகைபோக்கியில் டிஷ் மாட்டினார்கள். ஊரில் ஏற்கெனவே நிற்கும் உயரத்தைப் பயன்படுத்திய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வைஃபை என்பது வீட்டுக்குள் பேசுவதற்காகச் செய்தது. ஒரு துண்டு டேட்டா அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். சில பத்து மைக்ரோசெகண்டில் பதில் வராவிட்டால் தொலைந்தது என்று மறுபடி அனுப்பும். ஒளி வேகத்தில் போனாலும் 1 கிலோமீட்டருக்கு 3.3 மைக்ரோசெகண்ட் ஆகும். வெனிசுவேலாவின் 382 கிலோமீட்டருக்குப் போய்வர இரண்டரை மில்லிசெகண்ட். பெர்க்லி குழு அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு, இந்த நேரம் நீ அனுப்பு, அந்த நேரம் நான் அனுப்புகிறேன் என்று நேரத்தைப் பங்குபோட்டது. பதிலையும் மொத்தமாகச் சேர்த்து அனுப்பியது. கான்பூர் ஐஐடி குழு கங்கைச் சமவெளிக் கிராமங்களில் அதற்கு முன்பே இதே திசையில் வேலை செய்திருந்தது. வெனிசுவேலா லிங்கில் ஓடியதும் இந்த பெர்க்லி மென்பொருள்தான். இன்றைக்கு மைக்ரோடிக், யுபிக்விட்டி, கேம்பியம் வெளிப்புற ரேடியோக்களில் நேரப் பங்கீடு ஒரு டிக் போட்டால் கிடைக்கிறது.

ஆனால் நான் அந்தக் குழுவிடமிருந்து கற்றுக்கொண்டது மென்பொருளைவிட, 2008-ல் அவர்கள் வெளியிட்ட பழுதுக் கணக்கைத்தான். லிங்க் நின்றதற்கான காரணங்களில் பெரும்பாலானவை ரேடியோ அலை சம்பந்தப்பட்டவையே இல்லை. கரண்ட்தான் காரணம். கிராமத்து லைனில் வோல்டேஜ் திடீரென்று எகிறி அடாப்டர் எரிவது ஒன்று. வோல்டேஜ் பாதியில் இறங்கி, ரேடியோ அணையவும் இல்லாமல் ஓடவும் இல்லாமல் நடுவில் தொங்கிப்போவது இன்னொன்று. இந்த இரண்டாவது மிகவும் மோசம், ஏனென்றால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அடிக்கடி அணைந்து எரிவதால் மெமரி கார்டில் இருக்கும் மென்பொருள் கெட்டுப்போவதும் நடந்தது. அதற்காக அவர்கள் சோலார் கண்ட்ரோலர் ஒன்றைத் தாங்களே வடிவமைத்தார்கள், வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் சுத்தமாக வெட்டிவிட்டு, ஏறியதும் புதிதாகத் தொடங்கும்படி வைத்தார்கள்.

உலகத்தில் முதல்தரமான வயர்லெஸ் ஆராய்ச்சியாளர்கள் எங்கள் ஊருக்கு வந்து கடைசியில் பிளக் பாயின்ட்டில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை. என் கொட்டேஷனின் வரிசையே அதைப் படித்த பிறகுதான் மாறியது.

இப்போது நான் எங்கே லிங்க் போட்டாலும் ரேடியோவை நேராக லைனில் மாட்டுவதில்லை. பேட்டரி நடுவில் இருக்க வேண்டும்: லைன் பேட்டரியை ஏற்றும், பேட்டரி ரேடியோவை ஓட்டும், குறைந்த வோல்டேஜில் தானே வெட்டும் ஒரு சின்ன போர்டு கூடவே இருக்கும். கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை மலிவு, ஆனால் 60 மீட்டர் ஏறுவதற்குள் வோல்டேஜ் இறங்கி, ரேடியோ முழு பவரில் அனுப்பும்போது மட்டும் விழும். இந்தப் பழுதை வருஷக்கணக்கில் கண்டுபிடிக்காமல் ரேடியோ மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எர்த் விஷயத்தில் பேரம் பேசவே கூடாது. கரியும் உப்பும் போட்ட குழி, அங்கிருந்து டவர் காலுக்குப் பட்டை, கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர். டவரின் எர்த்தையும் கட்டடத்தின் எர்த்தையும் இணைத்துவிட வேண்டும். இணைக்காவிட்டால் இடி பக்கத்தில் விழும்போது இரண்டுக்கும் நடுவே ஏற்படும் வோல்டேஜ் கேபிள் வழியாக உங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்குள் பாயும். நேரடி இடியை எதுவும் தடுக்காது. ஆனால் ரேடியோவைக் கொல்வது பெரும்பாலும் பக்கத்தில் விழும் இடிதான், அதிலிருந்து எர்த் காப்பாற்றும். கேபிள் ஜன்னலில் நுழைவதற்கு முன் கீழே தொங்கி ஏறும்படி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை வெளியிடத்திலும் உரிமமில்லாமல் பயன்படுத்த அனுமதி வந்தது. அதற்கான பவர் வரம்பை மதிக்க வேண்டும். எல்லோரும் முழு பவரில் கத்தினால் யாருக்கும் ஒன்றும் கேட்காது, டவுனுக்குள் இப்போதே அந்த நிலை நெருங்குகிறது. அகலமான சேனலை விட்டு 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் வேகம் குறையும், ஆனால் லிங்க் நிற்கும். பலருக்கு வேண்டியது அதுதான்.

மூன்றாவது கேள்வி, அங்கே யார் இருக்கிறார்கள் என்பது. ஒவ்வொரு இடத்திலும் பெட்டிக்குள் தமிழில் எழுதிய ஒரு அட்டை ஒட்டிவிட்டு வருகிறேன். வழக்கமான சிக்னல் எவ்வளவு, எந்த விளக்கு எதற்கு, எதை முதலில் பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதற்கு முன் எந்த விளக்கு எரிந்தது என்று எழுதி வைக்கச் சொல்வேன், ஏனென்றால் ஆஃப் பண்ணியதும் தடயம் போய்விடும்.

ஒரு கயிறு மில்லில் கணக்கு பார்க்கும் ஒரு பெண் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, சுவர் காலண்டரில் தினமும் சிக்னலைக் குறிக்க ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை, தானாகவே செய்தாள். ஒருநாள் போன் வந்தது.

"அண்ணே, லிங்க் தெனமும் போகுது. ஆனா சிக்னல் குறையவே இல்ல. த்ரீ பேஸ் வர்ற நேரத்துலதான் போகுது."

"மோட்டார் ஓடும்போதாம்மா?"

"மோட்டார் எல்லாம் ஒண்ணா எடுக்கும்ல, அப்ப. ரெண்டு நிமிஷத்துல தானா வந்துருது."

சுற்றுவட்டாரத்து பம்புசெட் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும்போது லைனில் வோல்டேஜ் சரிகிறது. அந்த இடத்தில் பேட்டரி பழையதாகி, தாங்கும் சக்தியை இழந்திருந்தது. புது பேட்டரியை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன், மில் எலெக்ட்ரீஷியன் மாட்டினார். டவர் ஏறாமலே வேலை முடிந்தது. இப்போது அந்த அட்டையில் பேட்டரி வோல்டேஜுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், புதிதாக மாட்டும் பெட்டிகளில் எல்லாம் அந்தக் கட்டத்தோடுதான் அட்டை போகிறது.